லா கூர்னெவும் ஓர் ஊர்தான்

மகன்,

இந்தக் கடிதம் நேரே உன் கைக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் அழைப்புகள் உன் தொலைபேசிக்குப் போவதில்லை. தபாலில் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீ வீடு மாறிவிட்டாயோ, பிரிக்காமல் வைத்திருக்கிறாயோ தெரியாது. ஆகவே இதைப் பிரான்சில் உங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் காசில்லாமல் வைக்கிற மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அது இணையத்திலும் வருவதால் இங்கே யாழ்ப்பாணத்தில், உடுவிலிலும் வாசிப்பார்கள். அவர்கள் வாசிப்பதும் எனக்கு வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீ என்னோடு கதைத்து ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. உன் கலியாணம் முடிந்து ஒன்பது மாதம். எனக்கு எழுபத்தெட்டு வயது. நீ திரும்பக் கதைப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன், தவறான விடையை அழிக்காமல் கரும்பலகையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாமல் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையை முதலில் சொல்ல வேண்டும், இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக. நீ வீடியோவில் கூப்பிட்டாய். நாற்பது வயதில் முதல் தடவையாக உன் முகத்தில் வெட்கத்தைப் பார்த்தேன். "அப்பா, நான் சொன்னனான் எல்லே, இவதான்" என்று சொல்லித் தொலைபேசியை அவளிடம் கொடுத்தாய். அவள் முக்காடு போடுவதுபோல் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "வணக்கம் மாமா, சுகமா இருக்கிறியளோ?" என்றாள். அங்கே பிறந்த பிள்ளை இவ்வளவு அழகாய்த் தமிழ் கதைக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடுதான் கேட்டேன்.

"எவ்விடம் பிள்ளை நீங்கள்?"

"லா கூர்னெவ், மாமா."

"அது இருக்கிற இடம். ஊர் எவ்விடம்?"

"ஊரும் இதுதான். இங்கைதான் பிறந்தனான், இங்கைதான் படிச்சனான்." அவள் சிரித்தாள். "உங்கடை மகன்தான் வந்தான் வரத்தான். நான் ஊர்க்காரி."

"உது ஊரில்லைப் பிள்ளை. அப்பா எவ்விடம்?"

"அப்பாவோ? அப்பா மயிலிட்டி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது. மூன்று விநாடியோ நான்கு விநாடியோ இருக்கும். பிறகு "ம்" என்றேன். பிறகு "சரி, ஆறுதலாய்க் கதைப்பம்" என்று தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். நிறுத்தும் பொத்தானைக்கூட அழுத்தவில்லை. கவிழ்ந்து கிடந்த தொலைபேசிக்குள்ளிருந்து அவள் உன்னைப் பிரெஞ்சில் ஏதோ கேட்டது எனக்குக் கேட்டது. மொழி விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கிற்று.

எங்கள் ஆட்கள் இருவர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பது "எவ்விடம்?" என்றுதான். வெளியில் உள்ளவர்களுக்கு அது விலாசம் கேட்பதுபோலத் தெரியும். நீயும் நானும் அதற்குள் வளர்ந்தவர்கள். ஊரைச் சொன்னால் அடுத்தது எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை. நாலாவது கேள்விக்குள் சாதி வந்துவிடும், சாதி என்ற சொல்லை யாரும் வாயால் உச்சரிக்காமலேயே. மயிலிட்டி என்றால் நாலு கேள்வியும் தேவையில்லை என்று நான் நினைத்தேன். கடற்கரை ஊர், வலை வீசுகிறவர்கள், முடிந்தது. கிறிஸ்தவக் கோவில் வாங்கில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிற குடும்பம் நாங்கள். மிஷன் பள்ளிக்கூடம் எங்களுக்கு ஆங்கிலம் தந்தது, தேவபயம் தந்தது. இந்த மூன்று விநாடி மௌனத்தை அது எங்களிடமிருந்து எடுக்கவில்லை. எடுக்க நாங்கள் கொடுக்கவில்லை என்பதுதான் சரி.

அன்று பின்னேரம் நீ திரும்பக் கூப்பிட்டாய். நீ சத்தம் போடுவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். நீ சத்தம் போடவில்லை. "அப்பா, ஏழாம் வகுப்பிலை அவனுக்குச் செய்ததைத்தான் இண்டைக்கு இவவுக்கும் செய்தனீங்கள். அண்டைக்கு நான் பின் வாங்கிலை இருந்து பாத்தனான். இண்டைக்கு முன்னுக்கு நிண்டு பாத்திருக்கிறன்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். "கலியாணக் கார்ட்டிலை என்ரை பேரைப் போடாதை" என்று சொன்னேன். உன் அம்மா உயிரோடிருந்தால் அந்த வசனத்தை முடிக்க விட்டிருக்கமாட்டாள். நீ "ஓம்" என்றாய். அதுதான் நீ என்னோடு கதைத்த கடைசிச் சொல்.

நீ சொன்ன "அவன்" யார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அது எவ்வளவு பெரிய குற்றம் என்று பார். அவமானப்பட்டவன் மட்டுமல்ல, பின் வாங்கில் இருந்து பார்த்த நீயும் இருபத்தெட்டு வருடம் சுமந்திருக்கிறாய். அவமானப்படுத்திய எனக்கு யோசித்துப் பிடிக்க இரண்டு நாள் எடுத்தது. கட்டுரைப் பாடம். "எங்கள் ஊர்" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். எப்படி எழுதுவது என்று நான் வருடாவருடம் ஒரே மாதிரித்தான் சொல்லிக் கொடுப்பேன்: முதலில் நான்கு எல்லைகள், பிறகு மண்ணும் பயிரும், பிறகு கோயில்களும் பள்ளிக்கூடங்களும், பிறகு ஊரில் பிறந்த பெரியவர்கள். அந்த வருடம் வகுப்பில், சண்டையால் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த பிள்ளை ஒருவன் இருந்தான். அவன் இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் ஊருக்கு வடக்கே முட்கம்பி வேலி, கிழக்கே தண்ணீர்த் தாங்கி, தெற்கே கக்கூஸ் வரிசை, மேற்கே பெரிய றோட்டு." நான் அதை வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"டேய், முகாம் ஊராகுமோ? மயிலிட்டியைப் பற்றி எழுதிக்கொண்டு வா."

"எனக்கு மயிலிட்டி தெரியாது சேர். நான் சின்னனிலை வந்திட்டன்."

"அப்ப அம்மாவைக் கேட்டு எழுது."

சிவப்பு மையால் குறுக்கே கோடிழுத்துக் கொப்பியைக் கொடுத்தேன். அடுத்த நாள் அவன் தாயைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். துறைமுகம், வள்ளங்கள், காலைச் சூரியன், எல்லாம் இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பத்துக்கு எட்டுப் போட்டேன். அவன் கண்ணால் பார்த்து, காலால் நடந்து, தண்ணீருக்கு வரிசையில் நின்று அறிந்த ஊருக்கு ஒன்றும் இல்லை. அவன் அறியாத ஊருக்கு எட்டு. மற்றப் பிள்ளைகள் அவனை அந்த வருடம் முழுக்க "தெற்கே கக்கூஸ்" என்று கூப்பிட்டார்கள். அதை நான் கேட்டும் கேளாதவன்போல் இருந்தேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. மன்னிப்பைத் தள்ளிப்போடாதே மகன். ஆள் உயிரோடிருந்தாலும் விலாசம் இல்லாமல் போய்விடும்.

இனி, இந்தக் கடிதத்தை ஊரும் வாசிக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம். உன் கலியாணச் செய்தி எனக்குக் கோவில் வாசலில்தான் கிடைத்தது. என்னோடு படிப்பித்த மாஸ்ரர் ஒருவர், பெயர் வேண்டாம், தன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன மாஸ்ரர், மகன் பாரிசிலை முடிச்சிட்டார், எங்களுக்கு ஒரு கேக் துண்டும் இல்லையோ? பென்சன்காரனெண்டு ஒளிச்சுப் போட்டியளோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். படத்தில் நீயும் அவளும் உங்கள் நகரசபைப் படிக்கட்டில் நிற்கிறீர்கள். தலைக்கு மேலே பிரெஞ்சுக் கொடி. அவள் கூறைச் சேலையில். நீ கோட்டுப் போட்டு, என்னைப்போலவே ஒரு பக்கம் சரிந்து நிற்கிறாய். "வாற கிழமை கேக் தாறன்" என்றேன். உடனே அவர் கேட்டார்.

"பொம்பிளை எவ்விடம்?"

"லா கூர்னெவ்."

"அது இருக்கிற இடம் மாஸ்ரர். ஊர் எவ்விடம்?"

நான் கேட்ட கேள்வி, என் வசனம், ஒரு சொல்லும் மாறாமல் எனக்குத் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஒரு மனிதன் திருந்தியிருக்க வேண்டும். நான் "மானிப்பாய்ப் பக்கம்" என்றேன். அவர் "ஆ, நல்லது நல்லது" என்று தலையாட்டினார். ஒன்பது மாதமாக என் மருமகள் இந்த ஊரில் மானிப்பாய்ப் பெண்ணாக, எங்கள் சாதிப் பெண்ணாக இருக்கிறாள். அது பொய். நான் சொன்ன பொய். மாஸ்ரர், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும்: மயிலிட்டி. அவள் அப்பாவின் ஊர் மயிலிட்டி. அவளுடைய ஊர் லா கூர்னெவ்.

நீ பிரான்சுக்குப் போய்ப் பதினேழு வருடம். இத்தனை வருடத்தில் உன்னிடம் நான் கேட்டவை மூன்று: சாப்பிட்டாயா, குளிரா, விசாப் பேப்பர் அலுவல் என்ன மாதிரி. நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டதில்லை. ஆரம்பத்தில் நீயே ஒரு நாள் சொன்னாய்: "பாரிஸ் இல்லை அப்பா, ஏழாம் இலக்க மெட்ரோவின்ரை கடைசித் தரிப்பு. பாரிஸ் முடிஞ்சு அங்காலை." நான் "அது பாரிஸ்தானே" என்றேன். உன் அம்மாவின் மரண அறிவித்தலை நானே எழுதினேன். உன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பிரான்ஸ்" என்று போட்டேன். நாலு எல்லையும் சொல்லிக் கொடுத்தவன், சொந்தப் பிள்ளைக்கு ஒரு முழு நாட்டை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன். உன் அழைப்பு நின்ற பிறகுதான் உன் ஊரைப் படிக்கத் தொடங்கினேன். தொலைபேசியில் பிரெஞ்சுப் பக்கங்களைத் தமிழாக்கி வாசித்தேன். அது சில இடத்தில் சிரிப்பாக மாற்றும், சில இடத்தில் ஒன்றுமே விளங்காது. ஒரே பந்தியை நாலு தரம் வாசித்துப் பொருள் எடுத்தேன். ஒரு வருடப் படிப்பு. இனி என் கட்டுரை. நான் சொல்லிக் கொடுத்த முறைப்படியே எழுதுகிறேன்.

எங்கள் மகன் இருக்கும் ஊர் லா கூர்னெவ். அதற்கு வடக்கே ஸ்தானும் துனியும், கிழக்கே லு பூர்ஜேயும் திரான்சியும், தெற்கே ஒபெர்வில்லியேயும் பொபினியும், மேற்கே சென் தெனி. பெயரைப் பிரித்தால் புதிய முற்றம் என்று வருகிறது. நான் அதைப் "புது வளவு" என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வாய்க்கு அதுதான் சரி. அது தட்டையான நிலம், நல்ல கறுத்த மண். மகன், இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன்: உன் ஊர் ஒரு தோட்ட ஊர். பாரிசுக்கு வெங்காயமும் கோவாவும் லீக்சுமாக மரக்கறி விளைவித்துக் கொடுத்த ஊர். விடிய முன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துச் சந்தைக்குப் போவார்களாம். அந்தச் சமவெளியின் பெயராலேயே ஒரு மஞ்சள் வெங்காய இனம் உண்டு, விதைக் கடைகளில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். உடுவில் செம்மண்ணில் வெங்காயக் கட்டுத் தூக்கி வளர்ந்த நீ, இன்னொரு வெங்காயத் தோட்டத்துக்கு மேல்தான் பதினேழு வருடமாக நடக்கிறாய். உனக்கு இது தெரியுமா? ஒரு தரமாவது கேட்டிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்திருப்போம்.

பிறகு ரயில் பாதை வந்தது. கொதிகலன் செய்கிற ஆலைகளும் இரும்பு ஆலைகளும் வந்தன. தோட்டக்காரர் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். வேலைக்கு வேறு மாகாணங்களிலிருந்து வந்தார்கள், பிறகு இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், அல்ஜீரியாவிலிருந்து வந்தார்கள். வீடு இல்லாதவர்கள் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டு, சேற்றுக்குள், ஒரு குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையை வாசித்தபோது "கிழக்கே தண்ணீர்த் தாங்கி" என்று எழுதியவனின் நினைவு வந்தது. பிறகு பாரிஸ் நகரசபை தன் எல்லைக்கு வெளியே, அந்த மண்ணில், பெரிய பெரிய மாடிக் கட்டடங்களைக் கட்டிற்று. நாலாயிரம் வீடுகள், ஆகவே பெயரும் "நாலாயிரம்". கட்டடங்களுக்கு இசை மேதைகளின், ஓவியர்களின் பெயர். முதலில் வந்தவர்கள் குளியலறையையும் சூடாக்கியையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களாம். பிறகு ஆலைகள் மூடின, லிப்ட் வேலை செய்யவில்லை, வேலைக்கு மனுப் போட்டவர்களின் கடிதங்களை, ஊர்ப் பெயரைக் கண்டதும் முதலாளிகள் ஒதுக்கி வைத்தார்களாம். இதை வாசித்துக் கோபப்பட்டேன். ஊரின் பெயரைக் கேட்டதும் ஆளை ஒதுக்குகிறார்கள், என்ன மனிதர்கள் என்று. கோபம் முடிந்த பிறகுதான் மேசையில் கவிழ்த்து வைத்த தொலைபேசி நினைவுக்கு வந்தது.

பிறகு அந்தக் கட்டடங்களில் சிலவற்றை வெடி வைத்தே விழுத்தினார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தூர நின்று பார்த்து அழுதார்கள். மற்றவர்கள் அவலட்சணம் என்று சொன்ன இடத்துக்கு ஏன் அழுதார்கள் என்று முன்பென்றால் கேட்டிருப்பேன். பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்களின் கடைகளும் கோயில்களும் இருக்கின்றன. ஊரில் பிறந்த பெரியவர்கள் என்ற பகுதிக்கு நான் உன் மனைவியை எழுதலாம் என்று இருக்கிறேன். இன்னும் ஒன்று. அந்த ஊரில் ஓர் ஓடை ஓடிற்று. இப்போது அது குழாய்க்குள் அடைபட்டு நிலத்துக்கடியில் ஓடுகிறது. மேலே நடப்பவர்களுக்குத் தெரியாது. அதன் பெயரைத் தொலைபேசி முதலில் "கிழட்டுக் கடல்" என்று மாற்றிற்று. சொற்களைத் தனித்தனியாகப் பார்த்தேன்: பழைய கடல். கடலே இல்லாத ஊரில், நிலத்துக்கடியில், பழைய கடல் என்றொரு தண்ணீர். மயிலிட்டியார் ஒருவர் துறைமுகத்தை இழந்து, மகளை அந்தப் பழைய கடலுக்கு மேலே பெற்று வளர்த்திருக்கிறார். அவரிடம் நான் ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் சம்பந்தி.

இதுதான் கட்டுரை. பார்க்காத ஊரைப் பற்றி, அறிந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினேன். அந்தப் பிள்ளை தாயைக் கேட்டு எழுதியதுபோல. நான் போட்ட கணக்குப்படி எனக்கு எட்டு மார்க் கிடைக்க வேண்டும். என் கண் அதற்கு மேல் போகாது. ஒரு கண்ணில் ஏற்கெனவே புகைபோல. மற்றதுக்கும் அதுதான் வரும் என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொன்னார். ஏழாம் இலக்க மெட்ரோவின் கடைசித் தரிப்பில் இறங்கி உன் ஊர் மண்ணில் நான் நிற்கப் போவதில்லை. மயிலிட்டிக்கு இங்கிருந்து பஸ்ஸில் போகலாம். இராணுவம் பிடித்து வைத்திருந்த துறைமுகத்தைத் திரும்பவும் மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் போனேன். கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தி, "ஐயா எவ்விடம்?" என்று கேட்டார். "உடுவில்" என்றேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு "ம்" என்றார். அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ எனக்குத் தெரியாது. நான் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

உனக்குப் பிள்ளை பிறந்திருக்கலாம். எனக்குச் சொல்ல ஆளில்லை. பிறந்தால், அந்தப் பிள்ளைக்கு உடுவிலைக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான்கு எல்லையைச் சொல்லிக் கொடு. ஸ்தான், துனி என்று தொடங்கு. வெங்காயத்தைச் சொல்லு, பழைய கடலைச் சொல்லு, வெடித்து விழுந்த கட்டடங்களைச் சொல்லு. யாராவது "உது ஊரில்லை, அப்பா எவ்விடம்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை தலை குனியக் கூடாது. கேட்கிறவன் அதன் தாத்தாவாக இருந்தாலும்.

கடைசியாக ஒரு வேலை. என் மரண அறிவித்தலையும் நானே எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். நீ அவசரத்தில் எழுதத் தேவையில்லை. "உடுவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்குகிறது. உன் பெயருக்குப் பக்கத்தில் இந்த முறை பிரான்ஸ் இல்லை. "லா கூர்னெவ்" என்று எழுதியிருக்கிறேன். கீழே மருமகள் என்று ஒரு வரி வரும். அந்த வரியை எழுத இருந்தபோதுதான் கை நின்றது. கோவிலடியில் கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். என் மருமகளின் பெயரை நான் அங்கே கேட்டு எழுத மாட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் அவளிடம் இருக்கிற இடத்தைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், அப்பாவின் ஊரைக் கேட்டேன். பெயரைக் கேட்கவில்லை. அந்த வரியில் மருமகள் என்ற சொல்லுக்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். நீ வந்து எழுது. நான் இருக்கும்போது இல்லாவிட்டாலும்.

அப்பா